கடலடியில் ஒரு தபால் பாதை



சென்ற திங்கள் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்த நம்மை, காசிமேட்டில் மீன் விற்று வாழும் முதிய தாய் ஒருவர் அணுகினார். அவருடைய மகன் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளமொன்றில் வெல்டராகப் பணிபுரிகிறார். இரவுதோறும் கைப்பேசியில் முகம் காட்டித் தாயோடு பேசுவது அவர் வழக்கம். "ஐயா, எம் புள்ள பேசுறது வானத்துல வருதா, தண்ணிக்குள்ள வருதா? தெருவுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று அத்தாய் வினவினார்.

வேடிக்கையாகக் கேட்ட கேள்வி அன்று அது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் நம் நகரைத் தாக்கியதே, அதற்குப் பின் மூன்று நாள்கள் மகனுடைய குரல் வரவில்லை. அங்கே பிள்ளைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்றெண்ணி அவர் உணவும் கொள்ளாமல் கிடந்தாராம். அங்கே மகனோ, புயலில் தாய்க்கு என்னவாயிற்றோ என்று கலங்கிக்கொண்டிருந்தார். இருவரும் நலமாகவே இருந்தனர். அறுந்துபோனது வேறொன்று. அது எது, எங்கே என்று அன்று அவர்களுக்குச் சொல்வார் எவருமில்லை. ஆகவே இத்திங்கள் நம் பகுதியை அத்தாயின் கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

வானத்திலும் வருகிறது, நீரிலும் வருகிறது என்பதே விடை. ஆயினும் வானத்தின் பங்கு மிகச் சிறிது. கையிலுள்ள கருவியிலிருந்து அடுத்த தெருக்கோடியில் நிற்கும் டவர் வரைதான் பேச்சு வான்வழியாகச் செல்லுகிறது. டவரை அடைந்தபின் அது மண்ணுக்குள் புதைத்த கேபிளில் இறங்கிவிடுகிறது. வீட்டில் வைஃபைப் பெட்டி வைத்திருப்போருக்கு வான்வழிப் பயணம் இன்னும் குறைவு. கூடத்திலிருந்து அடுக்களை வரையிலான தூரமே. பிறகு சென்னைக் கரையில் கடலில் மூழ்கி, வங்காள விரிகுடாவைக் கடந்து, சிங்கப்பூரில் கரையேறுகிறது. இப்பாதையில் 2002இல் இடப்பட்ட ஐ டூ ஐ என்னும் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்திகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை இத்தகைய கடலடிக் கேபிள்களிலேயே செல்லுகின்றன. செயற்கைக்கோள்தான் எல்லாவற்றையும் சுமக்கிறது என்று நம்மில் பலர் கருதுவது சரியன்று.

இக்கேபிளின் உள்ளே இருப்பது தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. அதில் ஓடுவது ஒளி. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்கு நேரம் போதும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வரை ஏறி இறங்கினால் கால் வினாடி ஆகிவிடும். வழியில் ஒளி மங்கிவிடாதிருக்க, பல பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதற்கு வலுவூட்டும் கருவியைக் கேபிளோடு சேர்த்துக் கடலடியில் வைத்திருக்கின்றனர். அக்கருவிகளுக்கு மின்சாரம் கரையிலிருந்து அதே கேபிளின் வழியே செல்லுகிறது.

இப்பாதை நமக்குப் புதிதும் அன்று. 1870-71இலேயே ஆங்கிலக் கம்பெனி ஒன்று சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி இட்டது. செம்புக் கம்பியின்மேல் மலாய் நாட்டு மரப்பால் பூசி, கப்பலில் சுருட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் ஒரு தந்திக்கு உள்ளம் நடுங்கினர்; இன்று அதே கடலின் அடியில் பேரக்குழந்தையின் சிரிப்பு வருகிறது.

கேபிள் இருந்தால் மட்டும் போதுமா? கோடிக்கணக்கானோரின் பேச்சும் படமும் கடிதமும் ஓர் இழையில் ஒன்றோடொன்று கலவாமல் எவ்வாறு செல்லுகின்றன? இதை விளக்க நம் வட சென்னையைவிடத் தகுந்த இடம் வேறில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துறைமுகம் நோக்கி வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். (அவற்றுக்குப் பின்னால் பேருந்தில் சிக்கிப் பணிக்குப் பிந்தியவர்கள் நம்மீது சினங்கொள்ள வேண்டா.) ஒரு பெரிய இயந்திரம் ஒரே பெட்டியில் அடங்காதெனில் என்ன செய்கின்றனர்? பிரித்துப் பல பெட்டிகளில் வைத்து, ஒவ்வொன்றின்மேலும் அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, இத்தனையில் இது எத்தனையாவது பெட்டி என்ற எண் ஆகியவற்றை எழுதி அனுப்புகின்றனர். ஒன்று ஒரு கப்பலிலும் மற்றொன்று வேறு கப்பலிலும் ஏறலாம்; பின்னது முன்னே சேரலாம். அக்கரையில் எண் பார்த்துப் பூட்டினால் இயந்திரம் முழுமையாகிவிடும்.

இண்டர்நெட்டில் நிகழ்வதும் இதுவே. நாம் அனுப்பும் எதுவும் சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. அத்துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். கடிதமோ புகைப்படமோ ஆனால், வந்து சேராத எண்ணை மீண்டும் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். நேர்ப்பேச்சில் அதற்கு அவகாசமில்லை. வராத துண்டை விட்டுவிட்டு மேலே செல்லும். அதனால்தான் சில வேளைகளில் மகனின் முகம் சதுரஞ்சதுரமாகச் சிதறியும் குரல் கத்தரித்தது போன்றும் வருகிறது. கருவி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டியதில்லை.

கன்டெய்னரின் பெருமை பெட்டியின் இரும்பில் இல்லை, அளவில் இருக்கிறது. எந்த நாட்டுப் பெட்டியாயினும் எந்தக் கப்பலிலும், ரயில் வண்டியிலும், லாரியிலும் பொருந்துகிறது. உள்ளே இருப்பது வெங்காயமா, கார் உதிரிப்பாகமா என்று கிரேன் ஓட்டுபவர் திறந்து பார்ப்பதில்லை. கணிப்பொறிகளுக்கிடையே அத்தகைய பொது அளவை வகுத்தவர்கள் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இரு அமெரிக்கர்கள். அவர்களுடைய கட்டுரை 1974இல் வெளிவந்தது. 1983 ஜனவரி முதல் நாள் அமெரிக்காவின் அர்ப்பாநெட் என்ற கணிப்பொறி வலை அம்முறைக்கு மாறியது. அதே 1983இல் நம் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பே. அந்த அர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று முதன்முதலில் அனுப்ப முயன்ற சொல் 'லாகின்' என்பதாம். இரண்டு எழுத்துகள் போனவுடன் பொறி நின்றுவிட்டது. தொடக்கங்கள் அப்படித்தான்!

நம் நாட்டில் 1986இல் எர்நெட் என்னும் கல்வி வலை தொடங்கியபோது சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஓர் உறுப்பு. பொதுமக்களுக்கு விதேஷ் சஞ்சார் நிகம் வாயிலாக இண்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 முதலே.

முகவரியைப் பற்றியும் சிறிது சொல்லுவோம். வலையில் சேரும் கருவிகளுக்கு எண்தான் முகவரி. பழைய கணக்கில் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. உலக மக்களோ 800 கோடிக்கு மேல். ஆகவே மிக நீண்ட எண்களைக் கொண்ட புதிய முறையும் இப்பொழுது வழங்கி வருகிறது. எண்களை நினைவில் வைக்க இயலாத நமக்காக, பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் பெயரேடுகளும் வலையில் உண்டு. அவ்வேடுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றுள்ளன.

முகவரி பார்த்துப் பாக்கெட்டை வழிப்படுத்தும் கருவிக்கு ரௌட்டர் என்று பெயர். முழுப் பாதையும் அதற்குத் தெரியாது. கொருக்குப்பேட்டையில் வழி கேட்டால், "தண்டையார்பேட்டை வரைக்கும் போங்க, அங்க கேட்டுக்குங்க" என்பார்களே, அவ்வாறு அடுத்த படியை மட்டுமே அது சொல்லும். இதில் ஒரு நன்மை உண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே இரண்டு கேபிள்கள் பழுதுபட்டு, மேற்கு நோக்கிய நம் நாட்டுத் தொடர்பில் ஏறத்தாழப் பாதி போயிற்று. இருப்பினும் இண்டர்நெட் நின்றுவிடவில்லை. கிழக்கே சிங்கப்பூர் வழியாகவும் பசிபிக் கடல் வழியாகவும் பாக்கெட்டுகள் சுற்றிக்கொண்டு சென்றன. மந்தமாயின, மாயவில்லை.

ஆனால் மாற்று வழி இருக்கும் இடத்தில்தான் இந்தச் சுற்று இயலும். கடைசி முழத்துக்கு மாற்று வழி இல்லை. வர்தாவின்போது காசிமேட்டுத் தாய்க்கு நேர்ந்தது அதுவே. மரங்கள் வீழ்ந்து, மின்சாரம் நின்று, டவர்கள் உயிரிழந்தன. கடல் கடந்து சென்னைக்கு வந்துவிட்ட குரல், தெருக்கோடியிலிருந்து வீட்டுக்கு வர வழியின்றி நின்றது. எனவே தொடர்பு அற்றால் உடனே தொலைவில் உள்ளவரைப் பற்றி அஞ்சாமல், அருகிலிருந்தே தேடத் தொடங்குங்கள். நம் கருவி மட்டுமா, வீடே இழந்ததா? வீடு மட்டுமா, தெருவே இழந்ததா? உள்ளூர்ப் பேச்சு வருகிறதா? அதுவும் வந்து, வெளிநாட்டுப் பேச்சு மட்டும் தடைப்பட்டால்தான் கடலையோ அக்கரையையோ ஐயுற வேண்டும்.

கடல் கேபிளும் அறுவதுண்டு. உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள் நேர்கின்றன. சுறாமீன் கடிக்கிறது என்ற கதை சுவையானதே. பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் நங்கூரமும் இழுவலையுமே. ஆழ்கடலில் தோட்டத்து நீர்க்குழாய் அளவே பருத்த கேபிளுக்கு, கரையருகில் எஃகுக் கம்பிக் கவசம் அணிவித்து மணலில் புதைப்பது இதன் பொருட்டே. கடல் வரைபடங்களில் அதன் தடம் குறிக்கப்பட்டிருக்கும். விசைப்படகில் செல்லும் நம் இளைஞர்கள் இதனை அறிந்திருப்பது அவர்கள் குடும்பத்துக்கே நன்று. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கேபிளும் இக்கடலில்தான் கிடக்கிறது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அது வரும்வரை, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் உள்ள நம் உறவினர் செயற்கைக்கோளையே நம்பியிருந்தனர்.

மற்றொன்று. பாக்கெட் இயல்பாக ஓர் அஞ்சலட்டை; கைமாறும் இடங்களிலெல்லாம் படிக்கக் கூடியது. அதனால் இன்று பெரும்பாலானவை மறைமொழியாக்கி, மூடிய உறையில் அனுப்பப்படுகின்றன. திரையில் பூட்டுக் குறி தெரிவது அதற்கே. உறை மூடியிருக்கிறது என்பதே அதன் பொருள். எழுதியவர் யோக்கியர் என்பதன்று. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று இரகசிய எண் கேட்பவனும் பூட்டிய உறையில்தான் எழுதுகிறான்.

இவற்றையெல்லாம் எம்மால் இயன்றவரை அத்தாய்க்கு எளிதாக்கிச் சொன்னோம். கன்டெய்னர் வரை பொறுமையாகக் கேட்டார். எண் முகவரியில் சற்றுக் கண்ணயர்ந்தார் என்றே தோன்றியது. இறுதியில், "அந்தக் கம்பி நம்ம ஊர்ல எங்க கரையேறுது? போய்ப் பாக்கலாமா?" என்றார். மணலுக்கடியில் புதைந்து ஒரு கட்டடத்துக்குள் போய்விடும், பார்ப்பதற்கு ஒன்றுமிராது என்றோம். "இருந்தா என்ன, எடத்த மட்டும் காட்டுங்க" என்று கூடையை எடுத்துக்கொண்டார்.