சாக்கட்டி வட்டம்

என் நண்பர் ஒருவர் தம் எட்டு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானித்தார். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனப்பாடத்திலிருந்து ஒரு குழந்தையாவது தப்பியதே! ஆனால் அவரும் உத்தியோகம் பார்க்கிறார். அவர் மனைவியும் பார்க்கிறார். பகலில் குழந்தையோடு யார் இருப்பது?

"அம்மா இருக்கிறாளே" என்றார், வெகு சுலபமாக.

அந்த அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி வேறு. மகன் எழுந்து உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மூணு பிள்ளையை வளர்த்து ஓய்ஞ்சு போயாச்சு, தம்பி. இப்போ பேத்திக்கு வாத்தியாரம்மாவாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

ஊரார் கேட்பது வேறு கேள்வி. "வேலைக்குப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று மனைவியைத்தான் இடிக்கிறார்கள். கணவரை ஒருவரும் கேட்பதில்லை. சட்டமும் ஏறக்குறைய ஊராரைப் போலத்தான். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் காப்பகம் வைக்கச் சொன்னது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பள்ளிக்கூடத்தைக் காட்டியது. அதாவது, ஆறு வயதுக்குப் பிறகு பள்ளிக்கூடமே காப்பகம்! கல்வி, கல்வி என்று நாம் முழங்குவதில் பாதி, பகல் பொழுதுக்குப் போடும் பூட்டு என்று ஒப்புக்கொண்டால் என்ன? பூட்டு வேண்டாம் என்ற என் நண்பர், காவலுக்குப் பெற்ற தாயை உட்கார வைத்தார்.

பிறகு ஆயா தேடினார். அவள் சமைக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும், இங்கிலீஷ் பேச வேண்டும், கணக்கும் சொல்லித்தர வேண்டும். சம்பளத்தைச் சொன்னார், எனக்கு வெட்கமாயிருந்தது.

தாகூரின் பால்யம் நினைவுக்கு வருகிறது. பெரிய வீடு, வீடு தேடி வந்து பாடம் சொன்ன ஆசிரியர்கள். ஆனால் குழந்தைகள் இருந்ததோ வேலைக்காரர்களின் ராஜ்யத்தில். சியாம் என்பவன் தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, தாண்டினால் ஆபத்து என்று பயமுறுத்திவிட்டுப் போய்விடுவான். சீதை கோட்டைத் தாண்டிப் பட்ட பாட்டை அறிந்த பிள்ளை, ஜன்னல் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதற்கு அது கவிதையாயிற்று. எல்லாப் பிள்ளைக்கும் ஆகுமா? சியாமை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். நாலு வேலையைத் தலையில் கட்டிப் பிள்ளையையும் பார் என்றால் எவரும் வட்டம்தான் போடுவார்கள். இன்றைக்குச் சாக்கட்டிகூட வேண்டாம். குழந்தை கையில் ஒரு செல்போன் போதும்.

நண்பரிடம் சொன்னேன்: "ஆயா குழந்தையை மட்டும் பார்க்கட்டும். கடைத்தெருவுக்கும் நூலகத்துக்கும் அழைத்துப் போகட்டும். குழந்தை 'ஏன்' என்று கேட்டால் எரிந்து விழாதவள்தானா என்று ஒரு வாரம் லீவு போட்டு உடனிருந்து பாருங்கள். கூலியை உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள். மனைவி சம்பளத்தில் கழிக்காதீர்கள். பாடத்தைக் காலையில் இரண்டு மணி நேரம் நீங்களே சொல்லிக் கொடுங்கள்."

"காலையிலா? பேப்பர் படிக்கிற நேரமாயிற்றே, ஸார்!" என்றார்.