ஓவேலியில் நோயாளிக்கு ஓர் அறை

கூடலூரை அடுத்த ஓவேலிக்கு அப்பெயரைத் தந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே காப்பித் தோட்டங்களை உருவாக்கிய ஆக்டர்லோனி குடும்பம். ஆக்டர்லோனி வேலி என்பது மக்கள் வாயில் சுருங்கி ஓவேலி ஆயிற்று. பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழில் வேலியாக ஒலிப்பது தற்செயல்தான். ஆயினும் அங்கு வாழ்வோருக்கு அது பொருந்தாத பெயரன்று.

இந்த மண்ணிலிருந்து கிளம்பிய வழக்குகளைச் சட்டம் பயில்வோர் எல்லோரும் அறிவர். நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜென்ம நிலங்களை அரசு மேற்கொள்வதற்காகக் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன் தொடர்ச்சியான கொயலோ வழக்கில் 2007இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புரைத்தனர். 'காடு' என்ற சொல்லின் பொருளை நாடு முழுமைக்கும் விரித்த, 1996 ஆணையால் புகழ்பெற்ற கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் கூடலூர்க் காடுகளைப் பற்றியே தொடங்கியது. இத்தனைக்குப் பின்னும், தோட்டக் குத்தகைக்குப் போன 'பிரிவு 17' நிலங்களில் குடியிருப்போர் பட்டாவின்றியே வாழ்கின்றனர். வீட்டின் பின்புறம் ஓர் அறை இறக்கிக்கொள்வதும் அவர்களுக்கு எளிதன்று.

ஓர் அறை அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் குடியேறியவர்களுள் அன்று இளைஞராயிருந்தோர் இன்று முதியவர்கள். சமவெளி வீட்டில் கிழவருக்குத் திண்ணையாவது இருந்தது. லைன் வீட்டில் அதுவும் இல்லை. சரிவில் படிகள், வெளியே கழிப்பறை, தென்மேற்குப் பருவமழை. பக்கவாதம் கண்ட ஒருவரை இத்தகைய வீட்டில் வைத்துப் பார்ப்பது, பார்ப்பவரையும் சேர்த்து முடக்கிவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' செவிலியரையும் இயன்முறை சிகிச்சையாளரையும் வீட்டுக்கே அனுப்புகிறது. நல்ல திட்டம். ஆனால் வருகிறவர் நோயாளியை நடக்கப் பழக்குவதற்குச் சமதளமான தரை வேண்டாமா?

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வர்ஜீனியா மாநிலம் 2010இலும் மின்னசோட்டா 2016இலும், நோயுற்ற உறவினருக்காக வீட்டு மனையில் அதிகபட்சம் 300 சதுர அடியில் தற்காலிக உறைவிடம் அமைக்கச் சட்டமியற்றின. அங்கு அனுமதி கட்டடத்திற்கு அன்று, நோயாளியின் தேவைக்கு. தேவை முடிந்தால் உறைவிடமும் அகலவேண்டும். மின்னசோட்டாவில் அனுமதிக் காலம் ஆறு மாதம், ஒருமுறை புதுப்பிக்கலாம். விரும்பாத நகரங்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் அச்சட்டம் சொன்னது. பல நகரங்கள் அவ்வாறே விலகின. நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு: இத்தகைய விதியை உள்ளாட்சியின் விருப்பத்திற்கு விட்டுவிடலாகாது.

எதிர்வாதங்களை நான் புறக்கணிக்கவில்லை. நம் நாட்டில் தற்காலிகம் என்று நட்ட கால் நிரந்தரமாகிவிடும். இன்றைய கொட்டகை நாளைய அனுபோகச் சான்றாக நீதிமன்றத்தில் வந்து நிற்கும். சரிவை வெட்டினால் மண் சரியும். யானை நடக்கும் தடத்தில் சுவர் எழுந்தால் யானைக்கும் மனிதருக்கும் கேடு. மலை ஊர்களுக்கென 1993இல் தனிக் கட்டட விதிகள் வந்ததற்குக் காரணம் உண்டு.

ஆனால் இந்த அச்சங்கள் ஒவ்வொன்றையும் அனுமதியின் வாசகத்திலேயே தீர்த்துவிட முடியும். அனுமதி நோயாளியின் பெயரில் இருக்கட்டும். அரசு மருத்துவர் சான்றளிக்கட்டும். கான்கிரீட் கூடாது, திருகாணியால் பூட்டிக் கழற்றக்கூடிய பலகையும் தகரமும் போதும். மண்ணை வெட்டவோ மரத்தைச் சாய்க்கவோ கூடாது. யானைத் தடத்தில் இடமில்லை என்பதை வனத்துறை நேரில் பார்த்துச் சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வனுமதி நில உரிமைக்கோ அனுபோகத்திற்கோ எந்நாளும் சான்றாகாது என்று எழுதி, குடும்பத்தாரிடம் கையொப்பம் பெறட்டும். நீதிமன்ற ஆணை குறுக்கே நிற்குமிடத்தில், இந்த வரம்புகளுடன் அரசே சென்று அனுமதி கேட்கட்டும்.

இதனால் காட்டுக்கு இழப்பில்லை, அரசின் உரிமைக்கும் குறைவில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வியை அரைநூற்றாண்டுக்கு மேலாக ஒத்திவைத்திருக்கிறோம். இன்னும் சில காலம் ஒத்திவைக்கவும் கூடும். படுக்கையில் கிடப்பவரைக் கழிப்பறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி ஒவ்வொரு நாள் காலையிலும் எழுகிறது. முதல் கேள்விக்கு விடை வரும்வரை இரண்டாவதும் காத்திருக்கவேண்டும் என்பதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.