காஸ்ட்லி லென்ஸ் வைத்தால்தான் பாசமா?

உங்கள் வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா? ‘எந்த லென்ஸ் வைக்கலாம்?’ என்று ஆஸ்பத்திரியில் விலைப்பட்டியலை நீட்டுவார்கள். ‘பெத்தவங்களுக்குச் செய்யறதுல கணக்குப் பார்க்கறதா?’ என்று மனசு குறுகுறுக்கும். நகையை அடகு வைத்தாவது, கண்ணாடியே தேவைப்படாத லென்ஸைக் கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்!

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ், கிட்டத்தில் பார்க்கும்போது தடித்து, தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகி ஃபோகஸ் செய்கிறது. வயது ஏற ஏற அது இறுகிவிடும். நாற்பதைத் தாண்டியதும் பேப்பரைத் தள்ளிப் பிடிக்கிறோமே, அதனால்தான். அறுபது, எழுபதில் புரை வரும்போது அந்தச் சக்தி ஏற்கெனவே போயே போச்சு! ஆகவே, சாதாரண ஒற்றை ஃபோகஸ் லென்ஸ் புதிதாக எதையும் பறித்துவிடுவதில்லை. தூரத்துக்குக் கணக்கிட்டு வைத்தால் தூரம் நன்றாகத் தெரியும். படிக்க மட்டும் கண்ணாடி.

‘மல்டிஃபோகல்’ லென்ஸ், வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. படிக்க உதவும், நிஜம். ஆனால் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். மங்கல் வெளிச்சத்தில் தெளிவு குறையும். கண் தசையோடு அசைந்து ஃபோகஸ் செய்யும் என்று வந்த ‘கிரிஸ்டலென்ஸ்’ அமெரிக்காவில் 2003-ல் அனுமதி பெற்றது. அதை வைத்த பிறகும் பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேடியவர்கள் உண்டு.

தர்மபுரி மாவட்டம் தீர்த்தமலையில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே மாட்டுக் கொட்டகைக்குப் போக வேண்டும். மலையேறி, தீர்த்தகிரீஸ்வரரைக் கும்பிட்டு, பார்த்துப் பார்த்து இறங்க வேண்டும். அவருக்கு எதற்கு வளையமும் மங்கலும்? நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருக்கும் அம்மாவின் தேவையோ வேறு. லென்ஸைத் தீர்மானிக்க வேண்டியது அவரவர் வேலைதான், விலை அல்ல.

விலை குறைந்தால் தரமும் மட்டம் என்று நினைக்காதீர்கள். மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டவில்லை என்பதால்தான், 1992-ல் அதன் சார்பில் ‘அரோலேப்’ லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது.

டாக்டரிடம் அப்பாவின் வேலையைச் சொல்லுங்கள். சர்க்கரை, கண் அழுத்தம், விழித்திரைக் கோளாறு இருந்தால் மறைக்காதீர்கள். இவற்றில் மல்டிஃபோகல் பெரும்பாலும் ஒத்துவராது. ஆபரேஷன் முடிந்தபின் சொட்டு மருந்தை வேளை தவறாமல் நீங்களே விடுங்கள், செக்கப்புக்கு நீங்களே கூட்டிப் போங்கள். பாசத்தைக் காட்ட அது போதும்!