யுபிஎன்எம் கிடைக்கலைன்னா அதிகாரி கனவு முடிஞ்சுதா?

கொஞ்சம் நீளமான பதிவு. படிவம் 3 முதல் 5 வரை படிக்கிற பிள்ளை வீட்டுல இருந்தா, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

ஆலயத்துல அன்னதானத்துக்குக் காய் வெட்டும்போது நாங்க அதிகம் பேசுறது பிள்ளைங்க மேற்படிப்பைப் பத்திதான். "இராணுவ அதிகாரி ஆகணும்"னு ஒரு பிள்ளை சொன்னா, பெரியவங்க வாயில முதல்ல வர்றது, "நம்மள எல்லாம் எங்கப்பா எடுக்கப் போறாங்க?" அந்த மனக்குறை காரணமில்லாம வந்ததில்ல. படையில நம்மவங்க எண்ணிக்கை குறைவுதான். ஆனா விண்ணப்பமே போடாத பிள்ளையை யாரும் தேர்வு செய்ய முடியாது. 1967இல் அரச மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியா பொறுப்பேற்றவர் கே. தனபாலசிங்கம். அப்போ அவருக்கு வயசு 31. இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.

இன்னொரு தப்பு, ஒரே ஒரு வழியை நம்பி உட்கார்றது. யுபிஎன்எம்-க்கு விண்ணப்பம் போட்டு, கிடைக்கலைன்னா "சரி, நமக்கு விதிச்சது இவ்வளவுதான்"னு விட்டுடுறோம். அதிகாரி ஆக வழி ஒண்ணு மட்டும் இல்ல. வயசு வரிசையிலயே பாருங்க.

படிவம் 3 படிக்கும்போதே சுங்கை பீசி அரச இராணுவக் கல்லூரிக்கு (எம்டிடி) விண்ணப்பிக்கலாம். அங்க சேர்க்கை படிவம் 4க்கு.

எஸ்பிஎம் முடிச்சா யுபிஎன்எம், அதாவது தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம். முதல்ல அடிப்படைக் கல்வி (அசாசி), பிறகு பட்டப்படிப்பு. பெண் பிள்ளைகளும் கேடட் ஆகலாம்.

அங்க கிடைக்கலையா? எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் வழியா அரசாங்கப் பல்கலைக்கழகம் போங்க. மலாயா, யுஎஸ்எம், யுபிஎம் மாதிரி இடங்கள்ல பாலாபெஸ் இருக்கு. மூணு வருஷப் பயிற்சிங்கிறதால முதல் ஆண்டுலயே பதியணும். இதைத் தெரியாமலே பல பிள்ளைங்க விட்டுடுறாங்க. முடிச்சா சேமப்படையில லெஃப்டினன் மூடா. இது முழுநேர வேலை இல்லதான். ஆனா பிற்பாடு நிரந்தரப் படைக்கு முயற்சி பண்ணும்போது அந்தப் பயிற்சி கை கொடுக்கும்.

பட்டம் வாங்கின பிறகும் பட்டதாரி கேடட் அதிகாரியா விண்ணப்பிக்கலாம். ஆட்சேர்ப்பு எப்போ திறக்குதுன்னு கவனிச்சுக்கிட்டே இருக்கணும், வயசு வரம்பையும் பார்க்கணும். சீருடைதான் ஆசைன்னா, போலீஸ்ல கேடட் இன்ஸ்பெக்டர் பக்கமும் ஒரு கண் வைங்க.

பெராஜூரிட் மூடா வேற, கேடட் அதிகாரி வேற. ரெண்டும் மரியாதையான வேலைதான். ஆனா நம்ம வீடுகள்ல ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிட்டு, எந்த விளம்பரம் முதல்ல கண்ணுல படுதோ அதுக்கே போட்டுடுறாங்க. எந்தப் பதவிக்கு விண்ணப்பம்னு படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க.

தயாரிப்பு சீக்கிரமே தொடங்கணும். மலாய், வரலாறு, கணிதம், ஆங்கிலம் நாலையும் விடாதீங்க. பள்ளியில சீருடை இயக்கத்துல சேரச் சொல்லுங்க. நேர்முகத் தேர்வுல பேசப்போறது மலாய்லயும் ஆங்கிலத்துலயும். வீட்டுல அதுக்குப் பழக்கம் கொடுங்க. கண் பார்வை, நிறக்குருடு, ஆஸ்துமா, தட்டைப் பாதம் இதெல்லாம் முன்கூட்டியே பார்த்துடுங்க. எல்லாத் தேர்வுலயும் தேறிட்டு, கடைசியில மருத்துவப் பரிசோதனையில வெளிய வர்றது ரொம்ப வேதனை.

ரெண்டு எச்சரிக்கை. விண்ணப்பம் அதிகாரபூர்வ இணையத்தளத்துல மட்டும்தான். "உள்ள ஆள் இருக்கு, காசு கொடுங்க"ன்னு எவன் சொன்னாலும் ஒரு வெள்ளி கூடக் கொடுக்காதீங்க. சேவை ஒப்பந்தத்தையும் முழுசாப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.

எங்க கருத்து இதுதான். முதல் விண்ணப்பம் போடுற அன்னிக்கே ரெண்டாவது, மூணாவது வழியையும் ஒரு தாள்ல எழுதி வைங்க. "வேணாம்"னு ஒரு கடிதம் வந்தா பிள்ளை ரெண்டு நாள் அழட்டும். மூணாவது நாள் அந்தத் தாளை எடுத்துக் கையில கொடுங்க.

ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்சதும் மண்டபத்துல நாங்க இருப்போம். பாரம் நிரப்பத் தெரியலைன்னா பிள்ளையோட வாங்க, சேர்ந்து உட்கார்ந்து நிரப்பலாம்.