கருவி வராமலே முடிந்த ஆய்வேடுகள்

போடிநாயக்கனூர்ப் பக்கம், ராசிங்காபுரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தைப் பற்றி நம் துறையில் பேசாதவர்கள் இல்லை. மலை, தண்ணீர், மேய்ச்சல் நிலம், புலிகளின் வழித்தடம், அறிவியலின் தேவை என எல்லாக் கோணங்களிலும் பேசிவிட்டோம். அந்தத் திட்டத்தை நம்பி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பிள்ளைகள் பட்டம் வாங்கியபின் எங்கே போவது என்பதைத்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம். பேச வேண்டிய கடமை நெறியாளர்களான நமக்கே முதலில் இருக்கிறது.

ஆய்வகத்துக்கான பட்டப் பயிற்சித் திட்டம் 2008இல் தொடங்கியது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓராண்டுப் பாடம், பிறகு பங்கேற்கும் நிறுவனங்களில் ஆய்வு, ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பட்டம் என்பது ஏற்பாடு. முதலில் சேர்ந்தவர்கள் ஆய்வேட்டை எழுதி முடிக்கும் காலத்தில்தான், 2015 ஜனவரியில், மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. இரண்டே மாதத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் பணியைத் தொடங்கக் கூடாது என்றது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மறுபடி அனுமதி கிடைத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மதிகெட்டான் - பெரியாறு புலி வழித்தடத்தைக் காரணம் காட்டி, திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மலைக்குள் வைக்க நினைத்தது 50,000 டன் இரும்பும் சுமார் 29,000 கண்ணாடி உணர்கருவிகளும் கொண்ட காந்தக் கருவி. கையில் இருப்பது மதுரையில் 2018 முதல் இயங்கும் 85 டன் மாதிரி. ஊர்மக்களின் அச்சத்துக்கும் அரசின் முடிவுக்கும் உரிய மதிப்பைக் கொடுத்தே இதைச் சொல்கிறேன்: கருவி வரும் என்று சொல்லித்தான் நாம் மாணவர்களைச் சேர்த்தோம். அது வராத நிலையிலும் அவர்கள் நல்ல ஆய்வேடுகளை எழுதினார்கள். சிலர் கணினிப் பாவனையில் கருவியின் திறனை அளந்தார்கள். சிலர் உணர்கருவிகளைச் செய்தார்கள், வாயு அமைப்பைக் கட்டினார்கள், மின்னணுச் சுற்றுகளை வடிவமைத்தார்கள், மாதிரியில் மியூவான்களை எண்ணினார்கள்.

இந்த இரண்டு வகைக்கும் வைவாவுக்கு மறுநாள் ஒரே மதிப்பு இல்லை. பொட்டிப்புரத்துக் கருவிக்கு மட்டும் பொருந்தும் கணக்கு, அந்தக் கருவி தள்ளிப்போகப் போக வலுவிழக்கிறது. நியூட்ரினோ நிறைகளின் வரிசை எது என்பதுதான் அங்கே தேட இருந்த முக்கியமான விடை. அதே விடையைத் தேடி சீனாவின் ஜியாங்மென் அருகே 20,000 டன் திரவக் கருவி 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் மியூவானைத் துல்லியமாகப் பதிவு செய்யத் தெரிந்தவருக்கு வேலை அதோடு முடிவதில்லை. ஊட்டியின் கிரேப்ஸ்-3 குழு, 2014 டிசம்பரில் கடந்துபோன ஒரு இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று மியூவான்களை வைத்தே கணித்து 2019இல் வெளியிட்டது. எகிப்தின் கூஃபூ பிரமிடுக்குள் பெரிய வெற்றிடம் இருப்பதை 2017இல் காட்டியதும் மியூவான் பதிவுதான். ஆகவே ஒவ்வொரு ஆய்வேட்டிலும் ஒரு பாகமாவது, திட்டம் நின்றாலும் மாணவர் கூடவே எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அதைத் தலைப்புப் பதிவின்போதே திட்டமிட வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகு நம் மாணவர்கள் முதலில் நினைப்பது வெளிநாட்டுப் பின்முனைவர் ஆய்வு. அமெரிக்காவின் நோவா, டியூன் சோதனைகளில் இந்தியக் குழுக்கள் இருப்பதால் வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் இரண்டிரண்டு ஆண்டு ஒப்பந்தங்களாக நாடு மாறி நாடு போய்ப் பார்த்தால் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். தேனி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, அதிலும் பெண்ணுக்கு, அந்த ஆண்டுகளின் விலை நாம் கொடுத்ததைவிடக் கூடுதல். வீட்டில் கடன் இருக்கும், தம்பி தங்கை படிப்பு இருக்கும், கல்யாணப் பேச்சு இருக்கும். இவற்றைச் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட்டுத் தொழில் ஆலோசனை சொல்ல முடியாது.

கல்லூரி ஆசிரியர் பணியின் நிலை இன்னும் வேதனை. 2023 ஜனவரி முதல் முதுநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய். அதைப் பெற்றுக்கொண்டிருந்தவர் பட்டம் முடித்து அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் மாதம் 25,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழுவோ 2019லேயே 50,000 வரை தரலாம் என்று வரையறுத்திருந்தது. படிக்கும்போது கிடைத்ததைவிடப் பட்டம் வாங்கியபின் குறைவாகக் கொடுப்பது அநீதி. அதை அநீதி என்றே அரசிடம் சொல்ல வேண்டியவர்கள் நாம். இதற்கிடையே 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று விதி மாறியது. ஆசிரியராவதே குறிக்கோள் என்று வருபவரிடம் இதைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தாறு ஆண்டு ஆய்வு அவருக்கு வேண்டியதா என்று அவரே முடிவு செய்யட்டும்.

தொழில்துறைக்குப் போகிறவர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும் தரவிலிருந்து சிறு சமிக்ஞையைப் பிரித்தெடுக்கப் பழகியவருக்கு மென்பொருள், மருத்துவப் படமெடுப்புக் கருவி, மின்னணு நிறுவனங்களில் இடமுண்டு. திருத்த வேண்டியது நம் வாய்ச்சொல்லைத்தான். “அவன் ஃபீல்டை விட்டுட்டான்” என்று துறைக்குள் நாம் சொல்கிற தொனி, இன்னும் முடிக்காத மாணவரின் காதில் விழுகிறது. அதனாலேயே அவர் தன் யோசனையை நம்மிடம் மறைத்து, கடைசி ஆறு மாதத்தில் தனியாகத் தவிக்கிறார்.

2022ஆம் ஆண்டு விதிப்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டு வரை அவகாசம். உதவித்தொகை ஐந்தாண்டோடு நின்றுவிடும். ஆக, எதிர்காலம் பற்றிய பேச்சு ஐந்தாம் ஆண்டில் தொடங்கினால் தாமதம். மூன்றாம் ஆண்டின் ஆய்வுக்குழுக் கூட்டத்தில், ஆய்வின் முன்னேற்றத்தோடு இதையும் ஒரு பொருளாகச் சேருங்கள். என்ன யோசித்திருக்கிறாய், எந்தத் திறன் குறைகிறது, யாரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். மாணவர் தொழில்துறை என்று சொன்னால், ஒரு கோடைக்காலத்தை அங்கே கழிக்க அனுமதி கொடுங்கள்.

நிறுவனத் தலைவர்களிடமும் ஒரு கோரிக்கை. உங்களிடம் பட்டம் பெற்றவர்கள் இப்போது எந்தெந்தப் பணிகளில் இருக்கிறார்கள் என்பதைப் பெயரில்லாமல், எண்ணிக்கையாக, ஆண்டுதோறும் வெளியிடுங்கள். போடியிலிருந்தோ பெரியகுளத்திலிருந்தோ அடுத்து விண்ணப்பிக்கிற மாணவர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.