கக்கூஸுக்கு எவன் சார் பர்மிஷன் வாங்கறான்?

மக்களே, எங்க ஊரு அடி அண்ணாமலை. கிரிவலம் வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மலைக்கு மேற்கால இருக்கு. வருண லிங்கம் தாண்டி, வாயு லிங்கம் வர்றதுக்கு முன்னாடி. மழைக்கு ஒருத்தர், காத்துக்கு ஒருத்தர், ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்க. புயலைப் பத்திப் பதிவு போட இதைவிட வேற தகுதி வேணுமா என்ன? :-)

மேட்டர் இதுதான். அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. முட்டி ரெண்டும் தேஞ்சாச்சு. கக்கூஸ் கொல்லைல இருக்கு, அதுவும் குத்துக்கால் போட்டு உக்கார்ற டைப். ராத்திரின்னா டார்ச், மழைன்னா குடை, ரெண்டும்னா கூட ஒரு ஆள். அதனால அம்மா ரூமை ஒட்டி, வெளிப்பக்கமா ஒரு பாத்ரூம் எடுத்து, வெஸ்டர்ன் கமோட் வச்சு, பிடிச்சு எழுந்திரிக்க சுவத்துல ஒரு கம்பி அடிச்சு, கொல்லைல புதுசா ஒரு செப்டிக் டேங்க் போட்டுடலாம்னு முடிவு.

மேஸ்திரி வந்து டேப்பு பிடிச்சுப் பார்த்துட்டு, "வெள்ளிக்கிழமை நல்ல நாளு, பூஜை போட்டுடலாம் சார்"ன்னார். "பர்மிஷன் எதாவது வாங்கணுமாண்ணா?"ன்னு கேட்டேன். அந்தாளு சிரிச்ச சிரிப்பு இருக்கே... "இன்னா சார் நீ, கலெக்டர் ஆபீஸா கட்றோம்? கக்கூஸுக்கு எவன் சார் பர்மிஷன் வாங்கறான்?" தங்கமணியும் அவர் கட்சி. ("உங்களுக்கு பொழுது போகலைன்னா அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு வாங்க.")

சட்டப்படி பார்த்தா மேஸ்திரி சொல்றது பாதி சரி. 1971-ஆம் வருஷத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், வெளித்தோற்றத்தைப் பெருசா மாத்தாத பராமரிப்பு, சீரமைப்பு மாதிரி சில்லறை வேலைகளை 'வளர்ச்சிப் பணி' என்ற கணக்கிலேயே சேர்க்கலை. பழைய டைல்ஸைப் பேத்துட்டுப் புதுசு ஒட்டறது, குழாய் மாத்தறது, கமோட் மாத்தறது இதுக்கெல்லாம் யாரையும் கேட்க வேண்டாம். கேட்கவும் கூடாது, நாடு தாங்காது. ஆனா வெளியே ஒரு ரூம் எடுத்து, தளம் போட்டு, மண்ணைத் தோண்டி டேங்க் இறக்கறது வேற சங்கதி. அதுக்கு 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கு.

சரின்னு விசாரிக்கப் போனேன். எந்த ஆபீஸ்னு சொல்லலை, அது முக்கியமும் இல்லை. 2024 ஆகஸ்டுல திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சி ஆச்சு, சுத்தியுள்ள ஊராட்சிகளை அதோட சேர்க்கற அறிவிப்பும் வந்துச்சு. அதனால ஊராட்சி வாசல்ல ஒரு நாள், மாநகராட்சி வாசல்ல ஒரு நாள்னு கிரிவலம் மாதிரியே ஒரு சுத்து. கடைசியா ஒருத்தர் உக்கார வச்சுப் பேசினார். நல்ல மனுஷன்தான். என்னென்ன கேட்டார் தெரியுமா? பட்டா இருக்கா, பத்திரம் யார் பேர்ல, வீட்டு வரி கட்டின ரசீது, முன்னாடி ரோடு எத்தனை அடி, பக்கத்துல எத்தனை அடி விட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் பதில் இருந்துச்சு.

அவர் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. எங்க கொல்லைக்கு அந்தப் பக்கம், சுவத்துல இருந்து நாப்பது அடில ஒரு ஓடை போகுது. மலைல இருந்து இறங்கி வர்ற ஓடை. வருஷத்துல பத்து மாசம் அதுல ஆடு மேயும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. மிச்ச ரெண்டு மாசத்துலதான் அது ஓடைன்னே ஞாபகம் வரும். அதைப் பத்தி படிவத்துல ஒரு கட்டம் கூட இல்லை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையேறுச்சு. ஏறினது நகராம அங்கேயே உக்காந்துகிச்சு. புதுச்சேரில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கும் மேல மழை. அப்புறம் உள்நாட்டுக்குள்ள வந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரின்னு ஊத்தினது ஊத்தினதுதான். புயல்னா அது கடலூர்க்காரங்க, நாகப்பட்டினத்துக்காரங்க சமாச்சாரம்னு பேசற ஊரு எங்களுது. டிசம்பர் 1 சாயங்காலம் மலையோட கிழக்குப் பக்கம் வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையுமா சரிஞ்சு வீட்டு மேல வந்துச்சு. ஏழு பேர் செத்துப் போனாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. மீட்புப் படை தோண்டித் தோண்டி எல்லாரையும் எடுக்க டிசம்பர் 3 ஆயிடுச்சு. சென்னை ஐஐடில இருந்து நிபுணர்கள் வந்து மலையைப் பார்த்துட்டுப் போனாங்க.

இந்தச் சரிவுக்கு யாரோட கக்கூஸும் காரணம்னு நான் சொல்ல வரலை. அப்படி வந்த மழைக்கு மலை எங்க வேணா இறங்கும். செத்தவங்க மேல பழி போடறது இன்னும் கேவலம். நான் கேட்கறது வேற. மலையடிவாரத்துல, ஓடைக்கரைல ஒரு வீடு கட்டினா கரண்ட்டு வருது, வரி ரசீது வருது, சிமெண்ட் ரோடு வருது, எலெக்‌ஷன் சமயத்துல எல்லாக் கட்சிக்காரங்களும் வர்றாங்க. வராத ஒரே ஆள், 'இந்த இடத்துல கட்டலாமா'ன்னு நின்னு பார்க்க வேண்டிய ஆள்தான்.

இப்போ அந்த ஆள் வரவே வேண்டாம்னு வேற ஆயிடுச்சு. 2024 ஜூலை 22-ல சுயசான்றுத் திட்டம் ஆரம்பிச்சாங்க. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளம் இல்லை தரைத்தளமும் ஒரு மாடியும். ஆன்லைன்ல விவரத்தை நீங்களே சரின்னு சொல்லி, பணம் கட்டினா உடனே அனுமதி. முன்கூட்டியே இடத்தை வந்து பார்க்கறது கிடையாது. முடிப்புச் சான்றும் வேண்டாம். நல்ல திட்டம், அதுல எனக்கு சந்தேகமே இல்லை. வீடு கட்டறவனை மாசக்கணக்கா அலைய விட்டு, டேபிளுக்கு அடியில கை நீட்டின காலத்துக்கு இது எவ்வளவோ தேவலாம். சமதரைல, லே-அவுட் போட்ட மனைல கட்டறவங்களுக்கு இதே போதும். மலைச்சரிவுக்கும் ஓடைக்கரைக்கும் இதே ஒரே அளவு சட்டையை மாட்டறதுதான் எனக்கு இடிக்குது.

சித்தப்பா பையன் ஒருத்தன் அமெரிக்கால, ஃபுளோரிடால இருக்கான். நம்ம ஊரு ஐப்பசி மாதிரி அங்க சீசனுக்கு சீசன் சூறாவளி. போன வருஷம் அவனும் பாத்ரூம் மாத்தினான். டைல்ஸ் மட்டும்னா யாரும் கேட்க மாட்டாங்களாம். இவன் கமோட் இருந்த இடத்தையே மாத்தினான், அதாவது கழிவுநீர்க் குழாயை நகர்த்தணும். அதுக்கு பர்மிட். குழாய் போட்டப்புறம் சுவத்தை மூடக்கூடாது, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து கையெழுத்து போட்டாதான் மூடலாம். மூணு வாரம் போன்ல ஒரே பொலம்பல். "நம்ம ஊரா இருந்தா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பேன்"னு.

முடிச்சிருப்பான். ஆனா அங்க இது சும்மா வந்ததில்லை. 1992 ஆகஸ்ட் 24-ல ஆண்ட்ரூன்னு ஒரு சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவை அடிச்சுது. 60,000 வீட்டுக்கு மேல காலி. அப்புறம் நோண்டிப் பார்த்தா, கட்டட விதி இருந்திருக்கு, நல்ல விதிதான். அதை ஒழுங்கா நேர்ல போய்ப் பார்த்து சரிபார்க்கலை, கட்டினவங்களும் ஏமாத்தியிருக்காங்க. மாநிலம் முழுக்க ஒரே விதின்னு கொண்டு வந்து, அது நடைமுறைக்கு வர 2002 மார்ச் ஆச்சு. பத்து வருஷம். இன்னொரு விஷயமும் சொன்னான், அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. வெள்ள அபாயப் பகுதில இருக்கற பழைய வீட்டை மாத்திக் கட்டறப்போ, மனை சேராம வீட்டு மதிப்புல பாதியோ அதுக்கு மேலயோ செலவானா, மொத்த வீட்டையும் இன்னிக்கு உள்ள வெள்ள விதிக்கு ஏத்தபடி மாத்தணும். ஆபத்து அதிகமா இருக்கற இடத்துல கேள்வியும் அதிகம். அவ்ளோதான் கணக்கு.

"அதெல்லாம் அமெரிக்கா, இங்க நடக்குமா"ன்னு கேட்பீங்க. நடந்திருக்கு. 2003-ல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு தமிழ்நாட்டுல அவசரச் சட்டம் போட்டாங்க. கெடு வச்சாங்க, இல்லைன்னா குடிதண்ணி இணைப்பைத் துண்டிப்போம்னாங்க. முணுமுணுத்துக்கிட்டே எல்லாரும் மொட்டை மாடில இருந்து ஒரு பைப்பை இறக்கி, குழில விட்டாங்க. பாதிப் பேர் பேருக்குச் செஞ்சது வேற கதை. ஆனா 'உங்க வீட்டுத் தண்ணி எங்க போகுது'ன்னு அரசாங்கம் வீட்டு வாசல்ல வந்து கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இதுல எனக்கே உறுத்தற இடம் ஒண்ணு இருக்கு. பர்மிஷன் வேணும்னு கத்தறது பட்டா உள்ளவனுக்கு சுலபம். மலையடிவாரத்துல பட்டா இல்லாம தலைமுறையா இருக்கறவங்களுக்கு 'பர்மிஷன்'ங்கற வார்த்தையே வேற மாதிரி கேட்கும். மலை ஆக்கிரமிப்பு விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. அங்க ஒருத்தர் அதிகாரியைக் கூப்பிட்டு 'வந்து பாருங்க, ஒரு பாத்ரூம் கட்டணும்'னு சொன்னா, பாத்ரூம் வராது, நோட்டீஸ்தான் வரும். அதனால அவங்க கூப்பிட மாட்டாங்க, ராத்திரியோட ராத்திரியா குழி தோண்டி மூடிடுவாங்க. அதனாலதான் சொல்றேன், பட்டா கேட்கற ஆபீஸும் தண்ணி எங்க போகுதுன்னு பார்க்கற ஆபீஸும் ஒண்ணா இருக்கக் கூடாது. பட்டா இருந்தாலும் இல்லைன்னாலும், வந்து பார்த்து, 'இந்த இடத்துல தோண்டாதீங்க, அங்க தோண்டுங்க'ன்னு சொல்ல ஒரு ஆள். அவர் எழுதற தாளை வச்சு யாரையும் காலி பண்ணக் கூடாதுன்னு உத்தரவாதம். இடமே வாழ லாயக்கில்லைன்னா மாத்து இடத்தைக் காட்டிட்டு அப்புறம் பேசணும்.

என்ன பார்க்கணும்? பெரிய ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை. நிலம் எந்தப் பக்கம் வாட்டம், ஓடை எத்தனை அடி, கிணறு எத்தனை அடி, டேங்க் நிறைஞ்சு வர்ற தண்ணி எந்த மண்ணுல ஊறப் போகுது. உறிஞ்சுகுழி குடிதண்ணிக் கிணத்துல இருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கணும்னு இந்தியத் தர நிர்ணயமே சொல்லுது. நம்ம கணக்குல அறுபது அடி. மேஸ்திரி சுண்ணாம்புல கோடு போட்ட இடத்துல இருந்து பக்கத்து வீட்டு போர்வெல்லு முப்பது அடி! சரிவுல உறிஞ்சுகுழி போட்டா மண்ணு எப்பவும் ஈரமாவே இருக்கும், பெருமழைல மேல மேல தண்ணி இறங்கி அழுத்தம் ஏறினா பிடிமானம் போயிடும். ஓடை பொங்கி டேங்குக்குள்ள வந்தா, அது வெளியே போற வழி எதுன்னு நினைக்கறீங்க? அம்மா ரூம் கமோட் வழியாதான். (சாப்பிடறப்போ படிக்கிறவங்க மன்னிக்கவும்.)

இவ்ளோ பேசிட்டு சும்மா இருக்க முடியுமா. ரிடையர்டு ஆன சிவில் இஞ்சினியர் ஒருத்தரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் கொல்லைல நடந்தார். ஓடைக்கரைல போன மழைக்குத் தண்ணி நின்ன தடத்தைக் காட்டச் சொன்னார். புளியமரத்து அடிமரத்துல சேத்துக் கோடு இன்னும் இருந்துச்சு. அதை விட ஒன்றரை அடி உசரமா கமோட் வர்ற மாதிரி தரையைத் தூக்கச் சொன்னார். அம்மாவுக்குப் படி ஏற முடியாதுன்னு சரிவுப் பாதை. டேங்க்கை வீட்டுக்குத் தெக்கால பக்கம் மாத்தியாச்சு. கழிவு போற பைப்புல, தண்ணி திரும்பி வராம தடுக்க ஒரு வால்வு. மழைக்காலம் பொறக்கறதுக்கு முன்னாடி டேங்க்கை சுத்தமா காலி பண்ணி வைக்காதீங்கன்னும் சொன்னார். நிலத்தடித் தண்ணி ஏறினா காலி டேங்க் மிதந்து மேல வந்துடுமாம். செலவு கூட நாப்பதாயிரம் ஆகும்னு மேஸ்திரி கணக்கு போட்டிருக்கார். முகத்துல சிரிப்பு இல்லை, ஆனா போன மழைல அவர் வீட்டு முன்னாடி தண்ணி எவ்ளோ வந்துச்சுன்னு அவரே சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

பேப்பரையும் ஆன்லைன்ல போட்டாச்சு. அதுல ஓடைக்குன்னு கட்டம் இல்லாததால, வரைபடத்துல நானே நீல மையில ஓடையை வரைஞ்சு, தூரத்தையும் எழுதி அனுப்பியிருக்கேன். எடுத்து வெளியே போடச் சொல்வாங்களான்னு பார்க்கணும்.

டிஸ்கி: நான் இஞ்சினியர் இல்லை. மேல உள்ள உசரம், தூரம் எல்லாம் எங்க கொல்லைக்கு மட்டும். உங்க வீட்டுக்கு உங்க ஊரு ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, முடிஞ்சா ஐப்பசி பொறக்கறதுக்குள்ள.