சரிவில் நிற்கும் வண்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வண்டியோட்டிப் பழகிய நாம் கைப்பிறேக்கை ஒரு சம்பிரதாயமாகவே இழுத்து வைக்கிறோம். அது தளர்ந்திருந்தாலும் சமதரை நம்மைக் காட்டிக்கொடுப்பதில்லை. சித்திரை விடுமுறையில் இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் சோதனை. பிள்ளைகள் நீர்வீழ்ச்சி பார்க்க இறங்கிவிடுகின்றனர். ஆச்சி மட்டும் வண்டியில் இருக்கிறார். அவ்வேளையில் அவரைத் தாங்கி நிற்பது, பெரும்பாலான வண்டிகளில், பின்சில்லுகளைப் பற்றும் ஒரு கம்பிவடமே. நாட்பட அது நெகிழும்.

ஆகவே புறப்படுமுன்னரே, ஆள் நடமாட்டமற்ற சிறு சரிவொன்றில் கைப்பிறேக்கை இழுத்து, கியரை விடுவித்து, கால்பிறேக்கை மெல்லத் தளர்த்திப் பார்த்தல் வேண்டும். (குடாநாட்டில் அத்தகைய சரிவைத் தேடவேண்டியிருக்கும் என்பது வேறு கதை.) வண்டி நகர்ந்தால் திருத்துநரிடம் காட்டாமற் பயணம் வேண்டாம்.

நிறுத்தும்போது பாரத்தை முதலிற் கைப்பிறேக்கு ஏற்கவேண்டும். கியர் அதன் பின்னரே. ஏற்றத்தை நோக்கி நின்றால் முதற் கியர். இறக்கத்தை நோக்கி நின்றால் பின்கியர். தானியங்கிக் கியர் வண்டியில் ‘பீ’யை முந்திப் போட்டால், முழுப் பாரமும் கியர்ப்பெட்டியினுள் இருக்கும் சிறு கொளுக்கியொன்றின்மேல் விழும். இறக்கத்திலே முன்சில்லுகளை இடப்புற ஓரத்தை நோக்கித் திருப்புதல் முறை. அப்புறம் பள்ளமாயின் அவ்விடத்தில் நிறுத்தாதிருப்பதே மேல்.

திரும்பி இறங்கும் வழியில் இன்னொன்று உண்டு. பின்சில்லுகளில் டிஸ்க் பிறேக்கு உள்ள வண்டிகளில், நெடிய இறக்கத்தில் சூடேறிய தட்டு ஆறும்போது சுருங்கும், பிடியும் தளரும். அசையாது நின்ற வண்டி சற்று நேரங்கழித்து உருளுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆச்சிக்குத் தேநீர் கொண்டுவருபவர் கைப்பிறேக்கை இன்னுமொரு பல் ஏற்றிவிடட்டும்.